பெரியப்பாவின் 1979 பத்மினி: எலக்ட்ரிக் ஃபேனில் தொடங்கி சேற்றில் வந்து நின்ற வேலை

வண்டி சூடாகிறது. இந்த ஒரே புகாரோடுதான் போன வருடம் மார்ச்சில் ஆரம்பித்தேன். காலையில் அன்னூரிலிருந்து கிளம்பினால் பட்டு மாதிரி ஓடும், கோவைக்குள் நுழைந்து அவினாசி ரோடு நெரிசலில் நாலு சிக்னல் நின்றால் போதும், டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிடும், அதற்கு மேல் ஓட்டினால் ரேடியேட்டர் தண்ணியைக் கக்கும். ஓரம்கட்டி பானெட்டைத் தூக்கி வைத்து அரை மணி நேரம் நிற்கவேண்டும்.

வண்டி பெரியப்பாவுடையது, 1979 பிரீமியர் பத்மினி. பத்மினி என்ற பெயர் 1974-இல்தான் வந்தது, ஆனால் கார் அதைவிடப் பழசு. 1964-இலிருந்து பம்பாயில் ஃபியட் 1100 என்று செய்துகொண்டிருந்த அதே வண்டிதான். அதே 1089 சிசி என்ஜின், அதே ஸ்டீயரிங் பக்கத்துக் கியர், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். எங்கள் வீட்டில் மூன்று பேரின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு இதில்தான் நடந்தது. அதனால் விற்பது என்ற பேச்சே இல்லை, ஓடவைக்கவேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு உடனே தோன்றியது எலக்ட்ரிக் ஃபேன். பழைய அமைப்பில் விசிறி பெல்ட்டில் சுற்றுகிறது. என்ஜின் ஐடிலில் மெதுவாக ஓடும்போது விசிறியும் மெதுவாகத்தான் ஓடும், அதனால்தான் சிக்னலில் சூடாகிறது என்று கணக்குப் போட்டேன். கணக்கில் தப்பில்லை, பாதி மட்டும்தான் சரி. பழைய இரும்புக் கடையில் ஒரு மாருதி 800-இன் ரேடியேட்டர் ஃபேன் கிடைத்தது, பட்டை வளைத்து ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தி, சூடு ஏறினால் ஃபேனைப் போடும் தெர்மோ சுவிட்ச் ஒன்று வைத்து, சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ரிலே மூலமாக கனெக்‌ஷன் கொடுத்தேன். ஒரு வாரம் முள் நடுவிலேயே நின்றது. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

எட்டாம் நாள் காந்திபுரத்தில் பேட்டரி படுத்துவிட்டது.

காரணத்தைப் பிறகு உட்கார்ந்து யோசித்தால் சிரமமே இல்லாமல் புரிகிறது. இந்த வண்டியில் பேட்டரியைச் சார்ஜ் செய்வது டைனமோ. நல்ல வேகத்தில் சுற்றினால் 20 ஆம்பியர் சொச்சம் கொடுக்கும், ஐடிலில் கிட்டத்தட்ட ஒன்றும் கொடுக்காது. ஃபேனுக்குத் தனியாகப் பத்து ஆம்பியருக்கு மேல் போகிறது. ஃபேன் எந்த நேரத்தில் கட்டாயம் ஓடவேண்டுமோ, அந்த நேரத்தில்தான் டைனமோ கைவிரிக்கிறது. ஆக, சிக்னலில் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் பேட்டரியிலிருந்து கடன்.

சரி, டைனமோவுக்குப் பதில் ஐடிலிலும் கரண்ட் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் போட்டுவிடலாம் என்று இறங்கினேன். லூகாஸ் டிவிஎஸ் ஆல்டர்னேட்டர் ஒன்று கிடைத்தது, பிராக்கெட் மட்டும் பொருந்தவில்லை. பீளமேட்டில் ஒரு லேத்தில் 8 மில்லிமீட்டர் தகட்டில் வெட்டி வாங்கினேன். புல்லி நேர்கோட்டில் வருவதற்கு மூன்று தடவை வாஷர் கூட்டிக் குறைத்துப் பார்க்கவேண்டியிருந்தது, இல்லாவிட்டால் பெல்ட் ஓரம் தின்றுவிடும். பழைய ரெகுலேட்டர் பெட்டியைக் கழற்றி, சார்ஜிங் விளக்கு ஒயரை மட்டும் புதிதாக இழுத்தேன். முதல் ராத்திரியே ரப்பர் கருகும் வாசம். டைனமோவுக்கென்று போட்ட 45 வருடப் பழைய ஒயர், புதுசு கொடுக்கிற கரண்டைத் தாங்கவில்லை. பேட்டரிக்குப் போகும் ஒயரைத் தடிமனாக மாற்றி, நடுவில் ஃப்யூஸ் வைத்தேன். இந்த ஃப்யூஸை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். பழைய வண்டி தீப்பிடிப்பது என்ஜின் சூட்டால் அல்ல, பெரும்பாலும் இப்படி நாம் சொருகுகிற ஒயரால்தான்.

அந்தக் கையோடு ஹெட்லைட்டுக்கும் ரிலே போட்டேன். அதற்கு முன்னால் மீட்டர் வைத்துப் பார்த்தபோது பேட்டரியில் 12.5 வோல்ட், பல்பில் 10.4. இரண்டு வோல்ட் பழைய சுவிட்சிலும் ஒயரிலுமே கரைந்துபோகிறது. ரிலே போட்டபின் என்ஜின் ஓடும்போது பல்பில் 13 வோல்ட் வருகிறது. ராத்திரி அன்னூர் ரோட்டில் எதிரே வரும் சைக்கிள் தெரிகிறது. இத்தனை மாற்றத்தில் செலவு குறைவு, பலன் அதிகம் என்றால் இதுதான்.

ஆனால் வண்டி மறுபடி சூடாகத் தொடங்கியது. இந்தத் தடவை சிக்னலில் அல்ல, மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறு ஏற்றத்தில். பின்னால் வெள்ளைப் புகை, இழுவை இல்லை. ஆயில் கேப்பைத் திறந்தால் உள்ளே பால் விட்ட காபி நிறத்தில் நுரை. என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போய் தண்ணியும் ஆயிலும் கலந்துவிட்டது. டோ வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆறு மாத வேலை அப்படியே நின்றது. அன்றைக்கு ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஃபியட் மட்டுமே பார்த்துப் பழகிய ஒரு மெக்கானிக் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். இப்போது கையால் வேலை செய்வதில்லை, நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்வார், நாம் செய்யவேண்டும். எலக்ட்ரிக் ஃபேனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “ஃபேனெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாமுங்க தம்பி. தண்ணி உள்ளுக்குள்ள சுத்துதான்னு பாத்தீங்களா?” என்றார். நான் பார்க்கவில்லை. ரேடியேட்டரைப் பார்த்தேன், வாட்டர் பம்பைப் பார்த்தேன், என்ஜின் பிளாக்குக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஹெட்டைக் கழற்றினோம். இந்த என்ஜினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூடானால் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை, அலுமினியம் அதிகமாக விரியும், அதனால் அளவுக்கு மீறிச் சூடாகும்போது ஹெட் வளைகிறது. நேர்க்கட்டையை வைத்து ஃபீலர் கேஜை விட்டால் நடுவில் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி. கேஸ்கட் என்ன செய்யும் பாவம். அப்புறம் பிளாக்கின் பக்கவாட்டில் அடித்து வைத்திருக்கும் வட்டத் தகட்டு மூடிகளைக் கழற்றச் சொன்னார். முதல் மூடி வழியாகக் கொஞ்சம் துருத்தண்ணி வந்தது. கடைசி மூடி, நாலாம் சிலிண்டர் பக்கம் இருப்பது, அதில் ஒன்றுமே வரவில்லை. ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டால் அரை அங்குலம்கூட இறங்கவில்லை. சிலிண்டரைச் சுற்றித் தண்ணி ஓடவேண்டிய இடம் முழுக்கக் காவிச் சேறு, காய்ந்து செங்கல் மாதிரி.

நாலாம் சிலிண்டர்தான் வாட்டர் பம்பிலிருந்து தூரம், அங்கே தண்ணியின் வேகம் குறைவு, வருகிற துருவும் உப்பும் அங்கேதான் படியும். பெரியப்பாவிடம் போன் பண்ணி ரேடியேட்டருக்கு என்ன தண்ணி ஊற்றுவீர்கள் என்று கேட்டேன். “கெணத்துத் தண்ணிதான்டா, வேறென்ன ஊத்துவாங்க?” என்றார். எங்கள் தோட்டத்துத் தண்ணியில் துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளை படியும். கோவைக்குள் இருப்பவர்கள் சிறுவாணித் தண்ணி ஊற்றியிருப்பார்கள், அவர்களுடைய பிளாக் இவ்வளவு அடைத்திருக்காது. நாற்பத்தைந்து வருடம் உப்புத்தண்ணி கொதித்துக் கொதித்து உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று நான் முதலிலேயே யோசித்திருக்கவேண்டும்.

சேற்றை எடுக்க இரண்டு நாள் ஆனது. பழைய குடைக்கம்பியின் முனையை வளைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் குத்திக் குத்தி, தண்ணி பீய்ச்சி, மறுபடி குத்தி. ஒரு டால்டா டப்பா நிறைய வந்தது. குடைய முடியாத மூலைகளுக்கு எலுமிச்சை உப்பைச் சுடுதண்ணியில் கரைத்து ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். இதை இரும்பு பிளாக்கில் மட்டும் செய்யவேண்டும், அலுமினிய ஹெட்டை அதில் ஊறப்போட்டால் அரித்துவிடும். ரேடியேட்டரைக் கடையில் கொடுத்து மேல் தொட்டியைப் பிரித்து ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுச் சுத்தம் பண்ணினோம். பித்தளை ரேடியேட்டர் என்பதால் பிரித்துப் பற்றவைக்க முடிந்தது. ஹெட்டை லேத்தில் மட்டம் பிடித்தோம். நட்டுகளை நடுவிலிருந்து ஓரமாக, மூன்று சுற்றில், டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கினேன். என்ஜின் சூடாகும்வரை தண்ணியை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்துவைக்கிற தெர்மோஸ்டாட்டை யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருந்தார்கள், அதையும் திரும்பப் போட்டேன். சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது நம் ஊரில் ஒரு பழக்கம், அதனால் நோய் தீர்வதில்லை, காலையில் என்ஜின் சூடேற நேரமாகி பெட்ரோல்தான் கூடுதலாகக் குடிக்கும். கிணற்றுத் தண்ணிக்கு முழுக்கு. இப்போது டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி.

ஸ்டார்ட் பண்ணி நாற்பது நிமிடம் ஐடிலில் விட்டேன். எலக்ட்ரிக் ஃபேன் ஒரு தடவைகூட ஓடவில்லை. மறுநாள் அதைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டேன். ஆல்டர்னேட்டர் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன், அது ரிலேக்களுக்கு உதவுகிறது.

நடுவில் பெட்ரோல் தொல்லை வேறு. மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் என்ஜினோடு ஒட்டி இருப்பதால் வெயில் காலத்தில் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். ஃபியட் வைத்திருந்த எல்லோருக்கும் ஈரத்துணி வைத்தியம் தெரியும், பம்பின் மேல் துணியை நனைத்துப் போட்டால் பத்து நிமிடத்தில் கிளம்பும். பம்புக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவில் ஒரு தகடு வைத்து மறைத்தேன், பாதி குறைந்தது. ஆனால் 2025-இல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வந்த பிறகு வேறு தலைவலி. பழைய ரப்பர் குழாய்கள் உப்பி மெத்தென்று ஆகிவிட்டன, பம்பின் டயாபிரம் கிழிந்தது. எத்தனால் தண்ணியை ஈர்க்கும், வண்டி நாள்கணக்கில் நின்றால் டேங்க் அடியில் துரு. டேங்கை இறக்கிக் கழுவி, எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றி, கார்புரேட்டருக்கு முன்னால் கண்ணாடி ஃபில்டர் ஒன்று வைத்தேன். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் காற்று-பெட்ரோல் கலவை மெலிந்துவிடுகிறது, அதனால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கினேன், இழுவையில் இருந்த திக்கல் போனது. மைலேஜ் குறைந்தது, அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

பிரேக்கைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். ஆகஸ்டில் ஒரு நாள் கருமத்தம்பட்டி அருகே பெடல் தரையைத் தொட்டது. 1979 வண்டியில், பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒரே சர்க்யூட், ஒரு சக்கரத்தில் கசிந்தாலும் நாலும் போச்சு. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, செகண்ட் கியரில் போட்டு, ஓரமாக மண்ணில் இறக்கி நிறுத்தினேன். பக்கத்தில் மனைவி, பின்னால் குழந்தை. பிரித்துப் பார்த்தால் எல்லா வீல் சிலிண்டர் ரப்பரும் இட்லி மாதிரி உப்பியிருந்தது. எங்கேயோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிரேக் ஆயிலுக்குப் பதில் வேறு ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள், மினரல் ஆயில் பட்டால் அந்த ரப்பர் அப்படித்தான் ஆகும். பைப்பிலிருந்து எல்லாவற்றையும் மாற்றினேன், இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டரும் போட்டேன். ஃபேனுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் முன்னால் செய்திருக்கவேண்டிய வேலை இது. இப்போது பிரேக் ஆயில் பாட்டில் என் டிக்கியில்தான் இருக்கும், வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை.

என்ஜினையே மாற்றிவிடு, டீசல் போடு என்று சொன்னவர்கள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது, உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதையே சொன்னது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது வண்டியைத்தான் பார்ப்பார்கள். அதைவிட எனக்கு முக்கியம், அந்த 1089 சிசி சத்தம் போய்விட்டால் அது பெரியப்பா வண்டி அல்ல. டிஸ்ட்ரிபியூட்டரில் ஸ்பார்க்குக்கான கரண்டைத் திறந்து மூடும் பாயிண்டையும் அப்படியே வைத்திருக்கிறேன், எலக்ட்ரானிக் போடவில்லை. நடுரோட்டில் நின்றால், தேய்க்க உப்புத்தாளும் இடைவெளி வைக்க ஒரு விசிட்டிங் கார்டும் இருந்தால் நானே சரிசெய்துகொள்ள முடிகிறது.

சாமான் கிடைப்பதுதான் வரவரக் கஷ்டம். மும்பையில் டாக்ஸியாக ஓடியவரை சாமானுக்குப் பஞ்சமில்லை, 2023 அக்டோபரோடு அங்கே கடைசி பத்மினி டாக்ஸியும் நின்றுவிட்டது. சென்னை புதுப்பேட்டையில் ஒரு முழுநாள் அலைந்து இரண்டு கதவுப் பூட்டும் ஒரு வாட்டர் பம்பும் கொண்டுவந்தேன். பம்பை இப்போதைக்குப் போடவில்லை, கிரீஸ் தடவிச் சுற்றி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு மறுபடி கல்லாறு. பெரியப்பா முன்சீட்டில். பெரும்பாலும் செகண்டிலேயே ஏறினோம், முள் பாதியைத் தாண்டவில்லை, அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். பர்லியாரில் நிறுத்தி மங்குஸ்தான் வாங்கினோம். குன்னூர் போய், டீ குடித்து, செகண்ட் கியரிலேயே இறங்கினோம், பிரேக் சூடாகவில்லை. திரும்பும்போது ரிவர்ஸ் மட்டும் இரண்டு தடவை விழவில்லை, ஸ்டீயரிங்கிலிருந்து போகும் கியர் ராடின் புஷ் தேய்ந்திருக்கிறது. லேத்தில் நைலான் புஷ் கடையச் சொல்லியிருக்கிறேன், புதன்கிழமை தருகிறார்கள்.