ஆஹன்ல என் ஞாயித்துக்கிழமைங்க

நான் ஜெர்மனியில இருக்கிற ஆஹன் ஊருக்கு வந்து இறங்கினது செப்டம்பர் கடைசியில ஒரு சனிக்கிழமை, ராத்திரி பத்தரை மணி இருக்கும். ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச், மெக்கானிக்கல் மாஸ்டர்ஸ். பெட்டியில அம்மா வச்சு விட்ட பருப்புப்பொடி, புளி, ஊறுகாய் எல்லாம் இருந்துச்சு, அரிசி மட்டும் ஒரு பிடி கூட இல்ல, காலையில எந்திரிச்சு வாங்கிக்கலாம்னு படுத்துட்டேன்.

காலையில ஒன்பது மணிக்குக் கிளம்பினா முதல் சூப்பர் மார்க்கெட் பூட்டு, ரெண்டாவது பூட்டு, மூணாவதும் பூட்டு. ரோட்ல ஆளே இல்ல, சர்ச் மணி மட்டும் கேக்குது. ஏதோ பந்த் போலன்னு நினைச்சேன். ஜெர்மனியில ஞாயித்துக்கிழமை கடை திறக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, அதுவும் சாதாரண சட்டம் இல்ல, ஞாயிறு ஓய்வு நாள்னு 1919ல வைமார் அரசியலமைப்புல எழுதினதை அப்படியே 1949 அரசியலமைப்புக்குள்ளயும் எடுத்து வச்சிருக்காங்க. ரயில்வே ஸ்டேஷன் கடைங்க திறந்திருக்கும், சில பேக்கரி காலையில கொஞ்ச நேரம் திறக்கும், ஆனா இதை எனக்கு யாரும் சொல்லல.

திரும்பி வந்து கிச்சன்ல வெறும் தண்ணி குடிச்சிட்டு உக்காந்திருந்தேன், கண்ணு கலங்கிடுச்சு. ஃப்ளாட்மேட் ஒருத்தி எந்திரிச்சு வந்தா, என்னைப் பாத்தா, ஒண்ணும் கேக்கல, ஃப்ரிட்ஜ்ல இருந்து ஒரு பாத்திரத்தை எடுத்து அடுப்புல வச்சா. லின்சன்சூப்ப, அதாவது பருப்பு சூப். பழுப்பு நிறப் பருப்பு குழையாம முழுசா கிடக்குது, கேரட், உருளைக்கிழங்கு, இறக்கும்போது ஒரு ஸ்பூன் வினிகர் ஊத்தினா. பருப்புல வினிகரான்னு பயந்துட்டேதான் வாயில வச்சேன், ஆனா அந்தப் புளிப்பு நாக்குல பட்டதும் நம்ம சாம்பாரு ஞாபகம் வந்துடுச்சு. ரெண்டு தட்டு சாப்பிட்டேன். இந்த ஊர்ல எனக்குக் கிடைச்ச முதல் சாப்பாடு அதுதான், என்னைக்கும் மறக்க மாட்டேன்.

அடுத்த ரெண்டு வாரம் பேப்பர் வேலையிலயே போச்சு. வீடு மாறினா ரெண்டு வாரத்துக்குள்ள அட்ரஸ் பதியணும், அதுக்கு ஹவுஸ் ஓனர் கையெழுத்துப் போட்ட தாள் வேணும், அது வர லேட்டாச்சு, அந்தப் பதிவு இல்லாம ஒரு பேங்க்ல அக்கவுன்ட்டும் திறக்கல, அக்கவுன்ட் இல்லாம விசாவுக்காகப் போட்டு வச்ச பிளாக்ட் அக்கவுன்ட்ல இருந்து மாசாமாசம் வரவேண்டிய 992 யூரோவும் வரல. சங்கிலி மாதிரி ஒண்ணுல ஒண்ணு மாட்டிக்கும். வரப்போறவங்க தயவுசெஞ்சு முதல்ல அந்தத் தாளை வாங்கிடுங்க, மத்ததெல்லாம் தானா நடக்கும்.

கிளாஸ் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. லெக்சர் முடிஞ்சதும் கை தட்டாம எல்லாரும் மேஜையை விரல் முட்டியால தட்டுவாங்க, முதல் தடவை கேட்டப்ப புல்லரிச்சுப் போச்சு. மார்க் தலைகீழ், 1.0 தான் டாப், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். நான் எடுத்த சப்ஜெக்ட்ல இன்டர்னல் கிடையாது, எல்லாமே கடைசி எக்ஸாம்தான், அதுக்கும் நாமளே தேதிக்குள்ள ரெஜிஸ்டர் பண்ணணும், விட்டா விட்டதுதான்.

ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும் ரொம்ப நாள் கஷ்டமாவே இருந்துச்சு. டிசம்பர்ல நாலரைக்கெல்லாம் இருட்டிடும், கடை இல்ல, சத்தம் இல்ல, ரூம்ல தனியா உக்காந்தா வீட்டு ஞாபகம் தாங்காது. அப்படி ஒரு ஞாயித்துக்கிழமைதான் ஹாம் ஊர்ல இருக்கிற காமாட்சி அம்மன் கோயிலுக்குக் கிளம்பிட்டேன். ஆர்இ 1 ரயில் ஆஹன்ல ஏறினா கொலோன், டுசல்டார்ஃப், டார்ட்முண்ட் வழியா நேரா ஹாம், கிட்டத்தட்ட மூணு மணி நேரம், ஸ்டூடன்ட்ஸுக்கான செமஸ்டர் டிக்கெட்லயே போயிடலாம். அங்கிருந்து பஸ். ஃபேக்டரிங்க இருக்கிற ஏரியா, நடுவுல திடீர்னு கோபுரம் நிக்குது! ஈழத்துல இருந்து வந்தவங்க எழுப்பின கோயில், 2002ல கும்பாபிஷேகம் நடந்திருக்கு. உள்ள போனதும் கற்பூர வாசனை, திருநீறு, சுத்தி எல்லாரும் தமிழ்ல பேசுறாங்க, அப்படியே தூணோரமா நின்னுட்டேன்.

பக்கத்துல ஒரு அம்மா, எங்க பாட்டி வயசு இருக்கும், "எங்கயிருந்து வந்தனீங்கள் பிள்ளை? தனியவோ?"ன்னு கேட்டாங்க. கரூர்னு சொன்னேன், இங்க கடை மூடுற கதையையும் சொன்னேன். "இப்ப பரவாயில்லை. நாங்கள் வந்த புதுசில சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கே பூட்டிப்போடுவாங்கள். இவர் ஃபேக்டரியில வேலை முடிச்சு ஓடி வாறதுக்குள்ள கதவு மூடியிருக்கும். பிள்ளையளுக்குப் பால் இல்லாம இருந்த நாளும் இருக்கு"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆனா ஒண்டு பிள்ளை, ஞாயிறு எண்டா இவர் வீட்டில இருப்பார். அது இங்க வந்தாப் பிறகுதான்"னு சொன்னாங்க.

திரும்பி வர்ற மூணு மணி நேரமும் எனக்கு அப்பா ஞாபகம்தான். எங்களுக்கு மளிகைக்கடை. ஞாயித்துக்கிழமைதான் வியாபாரம் ஜாஸ்தின்னு காலையில அஞ்சரைக்கே ஷட்டரைத் தூக்கிடுவாரு. நான் ஸ்கூல் படிச்ச காலத்துல ஒரு ஞாயித்துக்கிழமை கூட அவரு முழு நாள் வீட்ல இருந்து பாத்ததில்ல, தீபாவளிக்கும் மத்தியானம்தான் வருவாரு. கடை திறக்கலன்னு நான் திட்டின அந்த ஓய்வு நாள் அவருக்கு வாழ்க்கையில ஒரு தடவை கூட கிடைக்கல. அன்னைக்கு சாயங்காலம் அவருக்கு போன் பண்ணினேன், நம்ம ஊர்ல ராத்திரி, அப்பவும் கடையில இருந்தாரு, கஸ்டமர் நிக்குறாங்க அப்புறம் பேசுறேன்னு வச்சுட்டாரு.

இப்ப சனிக்கிழமை சாயங்காலம், ஜனவரி. பஸ் ஸ்டாப்ல நின்னுதான் இதை டைப் பண்றேன், பையில அரிசி, பால், ரெண்டு கிலோ உருளைக்கிழங்கு, பாட்டிலைத் திருப்பிக் குடுத்து வாங்கின 75 சென்ட் சில்லறை. நாளைக்குக் காலையில ஃப்ளாட்மேட்டோட ஃபால்ஸ் மலைக்கு நடக்கப் போறோம், ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூணு எல்லையும் சேர்ற இடம். வந்து அவ லின்சன்சூப்ப வைப்பா. வினிகருக்குப் பதிலா புளி ஊத்திப் பாக்கலாமான்னு அவளே கேட்டா, அம்மா குடுத்ததுல இன்னும் ஒரு எலுமிச்சம்பழ அளவு மிச்சம் இருக்கு.