நட்டு வந்தது, வீல் வரவில்லை

மார்ச் 1, சனி

முன் பிரேக் பேடு மாற்ற வேண்டும், அரை நாள் வேலை என்று நினைத்துத்தான் காலையில் இறங்கினேன். இப்போது இருட்டிவிட்டது, ஒரு வீல்கூடக் கழலவில்லை. காருக்கு வயது 18, என்னிடம் வந்து ஆறு வருடம். வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிட்டு, ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, ஐந்து நட்டையும் கழற்றினால் வீல் தானாகவே கைக்கு வந்துவிடும். வரவேண்டும். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன், மேலும் கீழும் ஆட்டினேன், வீலோடு சேர்ந்து காரே ஆடுகிறதே ஒழிய அது அசைவதாக இல்லை.

நட்டு கழற்றுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது, அதை எழுதவில்லையே. வலது முன் வீலில் ஒரு நட்டுக்கு, மேலே மாட்டித் திருகும் 19 மி.மீ. சாக்கெட் நுழையவே இல்லை, 20 போட்டால் லொடலொடவென்று சுற்றுகிறது. உற்றுப் பார்த்த பிறகுதான் புரிந்தது, அது ஒற்றை நட்டு இல்லை. உள்ளே இரும்பு நட்டு, மேலே பளபளப்புக்காக மெல்லிய தகட்டில் ஒரு தொப்பி. இரண்டுக்கும் நடுவில் துரு ஏறி, தொப்பி உப்பிப் போயிருக்கிறது. ஆறு முனை 19 சாக்கெட்டை சுத்தியலால் தட்டி இறுக்கி ஏற்றிக் கழற்றினேன். நட்டு வந்தது, ஆனால் சாக்கெட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது, அதைத் தள்ளி எடுக்கத் தனியாக இருபது நிமிடம். பன்னிரண்டு முனை சாக்கெட்டாக இருந்திருந்தால் மூலைகள் மழுங்கி இன்னும் அங்கேயேதான் இருந்திருக்கும்.

மார்ச் 2, ஞாயிறு

ஏன் ஒட்டுகிறது என்று யோசித்துக்கொண்டே, வீலின் நடுவை மூடும் சென்டர் கேப்புகளைக் கழற்றி மேசையில் வைத்தேன். வீல் மாட்டுகிற, அதோடு சேர்ந்து சுழலும் பாகம்தான் ஹப். அதன் நடுவில் உதடு மாதிரி ஒரு வளையம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வீலின் நடுத்துளை அதன்மேல் கச்சிதமாக உட்காரும். பிடிப்பதெல்லாம் அங்கேதான். ஹப் இரும்பு, வீல் அலுமினியம், நடுவில் தண்ணீர் இறங்கிவிட்டால் ஒரு குட்டி பேட்டரி தயார். அந்தச் சண்டையில் தோற்பது அலுமினியம், அரித்து வெள்ளைப் பொடியாகிவிடும். அந்தப் பொடி, தான் உருவான உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதுதான் தொல்லை, ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடுகிறது. இரும்பு ரிம் என்றால் இந்த வேலையைத் துரு செய்யும்.

டப்பாவில் மிச்சம் இருந்த டபிள்யூடி-40 ஸ்ப்ரே எண்ணெயை அந்த வளையத்தைச் சுற்றியும், ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்) நுழையும் துளைகளிலும் குழாய் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். 1953இல் தண்ணீரை விலக்குவதற்காகச் செய்த கலவை அது, நாற்பதாவது முயற்சியில் சரியாக வந்ததால் அந்தப் பெயர். துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே தனி எண்ணெய் இருக்கிறது, அது இன்னும் நன்றாக இறங்கும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை கையில் இருப்பதுதான் மருந்து. பிரேக் டிஸ்க் பக்கம் வழிந்துவிடக் கூடாது என்று கீழே துணி பிடித்துக்கொண்டேன். பிரேக்கில் எண்ணெய் பட்டால் வீலைவிடப் பெரிய பிரச்சினை வரும்.

மார்ச் 3, திங்கள்

வேலை முடிந்து வந்து மறுபடி எண்ணெய் விட்டேன். அவ்வளவுதான்.

மார்ச் 5, புதன்

இன்று உதை. உதைக்கும் முன் நட்டுகளை மறுபடி ஸ்டட்டில் ஏற்றி, வீலுக்கும் நட்டுக்கும் நடுவில் இரண்டு சுற்று இடைவெளி மட்டும் விட்டேன். நட்டே இல்லாமல் உதைத்து வீல் திடீரென்று பிடுங்கிக்கொண்டு வந்தால் என் முழங்கால்மேல்தான் விழும். ஸ்டாண்ட் போக, ஸ்டெப்னியையும் படுக்க வைத்து வண்டிக்கு அடியில் தள்ளினேன். ஜாக்கியை மட்டும் நம்பி இதைச் செய்கிறவர்களுக்கு என்ன தைரியமோ. ஹேண்ட் பிரேக், கியர், எதிர்ப்பக்க வீலுக்கு முன்னும் பின்னும் கட்டை.

தரையில் உட்கார்ந்து, கையைப் பின்னால் ஊன்றி, குதிகாலால் டயரின் பக்கவாட்டில் ஓர் உதை. ரிம்மில் இல்லை, ரப்பரில். அப்புறம் வீலை அரைச் சுற்று திருப்பி இன்னொன்று. ஒரே இடத்தில் உதைத்தால் வளையம் கோணலாக மாட்டிக்கொள்ளும், எதிரெதிரே மாற்றி மாற்றித்தான் உதைக்க வேண்டும். இடது முன் வீல் ஏழாவது உதையில் "டொக்" என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வந்த சந்தோஷம் இருக்கிறதே! கழற்றிப் பார்த்தால் ஹப் வளையத்தைச் சுற்றி வெள்ளைப் படிவு, பல்லில் காரை படிந்த மாதிரி, நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது.

வலது முன் வீலுக்கு நாற்பது உதையாவது கொடுத்திருப்பேன். குதிகால் வீங்கியதுதான் மிச்சம்.

மார்ச் 6, வியாழன்

பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "பெரிய சுத்தியலா எடுத்து ரெண்டு போடு தம்பி, வராம எங்க போயிடும்?" என்றார். "ரிம் போயிடும் அண்ணே" என்றேன். அலாய், அதாவது அலுமினியக் கலவை ரிம்மில் நேராகச் சுத்தியல் விழுந்தால் விரிசல் விடும், அந்த அதிர்ச்சி பேரிங்கில் போய் இறங்கினால் குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழும், பிறகு வண்டி ஓடும்போதெல்லாம் உறுமல்தான். அடித்தே ஆக வேண்டும் என்றால் உள்பக்கத்தில் இருந்து டயர்மேல் மரக்கட்டையை வைத்துத்தான் அடிக்க வேண்டும்.

கேஸ் பர்னர் வைத்துச் சூடாக்கலாம் என்பது அவருடைய அடுத்த யோசனை. அதற்கு நான் சம்மதிக்கவே இல்லை. காற்றோடு இருக்கும் டயரைச் சூடாக்குவது வெடியோடு விளையாடுவது, அலாயும் பலம் இழக்கும். ஆனால் சூடு என்ற வார்த்தை மனதில் நின்றுவிட்டது. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 60 மி.மீ. துளை 60 டிகிரி சூடேறினால் 0.08 மி.மீ. பெரிதாகும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் ஆப்பு பிடித்திருப்பதே அந்த அளவில்தானே. கெட்டிலில் கொதிக்க வைத்த தண்ணீரை வீலின் நடுப்பகுதியில் மெதுவாக ஊற்றி, ஹப்பும் சூடாவதற்குள் உதைக்க வேண்டும். பின்பக்க வீல்கள் இரண்டும் இப்படியே வந்துவிட்டன, ஒன்று முதல் உதையிலேயே. வலது முன் வீல் மட்டும் தண்ணீரையும் குடித்துவிட்டு அப்படியே இருக்கிறது.

மார்ச் 8, சனி

கடைசி வழி. இதை முதலிலேயே செய்திருக்கலாம், ஆனால் பயமாக இருந்தது.

மற்ற மூன்று வீல்களையும் மாட்டி முழுதாக இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, வலது முன் வீலின் ஐந்து நட்டுகளை மட்டும் இரண்டு சுற்று தளர்த்தினேன். என் ஸ்டட்டில் ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ., ஆக 3 மி.மீ. இடைவெளி. நட்டு ஒன்றைக்கூடக் கழற்றவில்லை, கழற்றவும் கூடாது. ஆள் நடமாட்டம் இல்லாத சமதளம், ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுதாக ஒடித்து, நடக்கும் வேகத்தில் ஒரு கார் நீளம் முன்னால் போய் பிரேக், அதே அளவு பின்னால் வந்து பிரேக். மூன்றாவது முறை பின்னால் வரும்போது அடியில் இருந்து "டப்" என்று ஒரு சத்தம், ஸ்டியரிங்கில் கைக்கே தெரிந்தது. அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன், அதற்குமேல் ஓட்டினால் ஸ்டட் வளையும், துளை நசுங்கும். ஒரு வாரம் என்னை உட்கார வைத்த வீல், வண்டியின் சொந்த எடைக்கு இரண்டு நிமிடத்தில் பணிந்துவிட்டது.

ராத்திரி படுக்கும்போதுதான் உறைத்தது. நாலு வருடம் முன்பு டயர் மாற்றியபோது கழன்றதுதான் கடைசி. இடது முன் வீல் மட்டும் பஞ்சரால் போன வருடம் ஒரு முறை கழன்றது, அதனால்தான் ஏழு உதையில் வந்திருக்கிறது. இந்த வலது வீல் நடுரோட்டில், மழையில், டிக்கியில் கிடக்கும் அந்தக் குட்டி ஸ்பேனரோடு பஞ்சராகியிருந்தால்?

மார்ச் 9, ஞாயிறு

பேடு மாற்ற நாற்பது நிமிடம். அதற்காகத்தானே இத்தனையும்! மீதி நேரமெல்லாம் சுத்தம் செய்வதில் போனது. ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் இரும்பு தெரியும்வரை தேய்த்தேன், வீலின் நடுத்துளைக்கு உப்புத்தாள் போதும், அலுமினியத்தைச் சுரண்டக் கூடாது. பிறகு ஹப் வளையத்தின்மேல் மட்டும், துரு பிடிக்காமல் இருக்கப் பூசும் செம்புப் பசை, விரலில் தொட்டு எடுத்த அளவு. நட்டு உட்காரும் இடத்திலும் ஸ்டட் மரையிலும் பூசவில்லை. அங்கே வழுக்கினால் அதே முறுக்குக்கு ஸ்டட் கூடுதலாக இழுபடும், முறுக்கு அளவு காட்டும் எண்ணுக்கு அர்த்தம் இல்லாமல் போகும். என் வண்டியின் கையேட்டில் முறுக்கு அளவு 110 நியூட்டன் மீட்டர், வைத்த அளவு வந்ததும் "டிக்" என்று சொல்லும் டார்க் ரெஞ்சில் நட்சத்திர வரிசையில் இறுக்கினேன். தொப்பி போட்ட பழைய நட்டுகளுக்குப் பதில் தொப்பி இல்லாத முழு இரும்பு நட்டுகள் வாங்கிப் போட்டேன்.

மார்ச் 15, சனி

80 கி.மீ. ஓடியாகிவிட்டது. டார்க் ரெஞ்ச் வைத்து எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன், ஒரே ஒரு நட்டு மயிரிழை நகர்ந்தது, மற்றதெல்லாம் உடனே "டிக்". நம்பிக்கை வராமல் வலது முன் வீலை மட்டும் ஜாக்கி போட்டுக் கழற்றிப் பார்த்தேன். கடைசி நட்டை எடுத்ததும் மடியில் வந்து உட்கார்ந்தது, தயாராக இருந்ததால் தப்பித்தேன்.

சென்டர் கேப் நாலில் மூன்றுதான் இருக்கிறது. மேசையில்தான் வைத்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது.