ஐந்து நட்டு போய் ஒற்றை நட்டு வந்தபின்

ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தரையில் படுக்கவைத்து உருட்டிவிடுங்கள். நேராகப் போகாது. வாய் அகலம், அடி குறுகல், அதனால் வட்டம் போட்டுத் திரும்பும். அமெரிக்காவின் ஸ்டாக் கார் ரேஸ் அமைப்பான நாஸ்காரின் கார்களுக்கு ஓவல் (நீள்வட்ட) டிராக்கில் டயர் மாட்டுவதும் இந்தக் கணக்கில்தான். அங்கே திரும்புவதெல்லாம் இடப்பக்கமே என்பதால் வலப்பக்க டயரின் சுற்றளவு சற்றே பெரிதாக இருக்கும். வண்டி தானாகவே இடதுபக்கம் வளையப் பார்க்கும்.

“சும்மா வட்டமா சுத்துறதுல என்ன இருக்கு?” என்பது ஸ்டாக் கார் ரேஸ் பற்றிப் பேச்செடுத்தாலே வரும் முதல் கேள்வி. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டியவர்களுக்குப் பதில் சொல்வது சுலபம். இறங்கும்போது இரண்டாவது கியரைப் போடாமல் பிரேக்கையே மிதித்து வந்தால், அடிவாரம் வருவதற்குள் பிரேக் பேட் கருகும் வாசனை வந்துவிடும். மார்ட்டின்ஸ்வில் டிராக் அரை மைல் சொச்சம்தான், 500 சுற்று ரேஸ் என்றால் இரு முனை வளைவுகளிலும் சேர்த்து 1,000 முறை பிரேக். டிஸ்க் கனன்று சிவப்பது டிவியிலேயே தெரியும். டேடோனா இதற்கு நேரெதிர். வளைவில் 31 டிகிரி சரிவு. அதாவது கிடைமட்டமாக 10 அடி குறுக்கே நகர்ந்தால் 6 அடி உயரம் ஏறும். அந்தச் சரிவு காரைத் தாங்கிப் பிடிப்பதால் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்திலும் ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுக்கத் தேவையில்லை.

ரேஸின் நடுவே மெக்கானிக் ஒருவர் பின் கண்ணாடி அருகே இருக்கும் துளையில் ஸ்பேனரை விட்டு ஒரு சுற்று சுற்றுவதைக் காட்டுவார்கள். ஆடுகிற மேசையின் ஒரு காலுக்கடியில் அட்டை மடித்து வைக்கிறோம் அல்லவா? பாரம் அந்தக் காலிலும் அதன் எதிர்மூலைக் காலிலும் ஏறும். அதே வேலைதான். இடது பின் ஸ்பிரிங்கை இறுக்கினால் வலது முன் சக்கரத்துக்கும் பாரம் கூடும். வண்டி வளைவில் மூக்கைத் திருப்ப மறுக்கும். இதை ‘டைட்’ என்பார்கள். வலது பின் ஸ்பிரிங்கை இறுக்கினால் பின்பக்கம் வெளியே வழுக்கும். அது ‘லூஸ்’. வெயில் ஏறினால், டயர் தேய்ந்தால், டேங்க் காலியானால் இந்தச் சமநிலை கெடும். மூன்று மணி நேரம் இதோடு மல்லுக்கட்டுவதுதான் ரேஸ். ஓட்டுநரும் அணித் தலைவரும் வானொலியில் பேசுவதை ரசிகர்கள் மைதானத்தில் உட்கார்ந்தே கேட்கலாம். வேறு எந்த விளையாட்டு இப்படித் தன் சமையலறையைத் திறந்து வைத்திருக்கிறது?

‘ஸ்டாக்’ என்றால் கடையில் விற்கும் அதே வண்டி. 1948-இல் பில் பிரான்ஸ் நாஸ்காரைத் தொடங்கினார். மறு ஆண்டு ஜூன் 19 அன்று சார்லட்டில் நடந்த, கடையில் விற்கும் வண்டிகளுக்கான முதல் ரேஸில் முதலாவதாக வந்த கிளென் டனவேயின் வெற்றியே செல்லவில்லை. பின்பக்க ஸ்பிரிங்கில் கைவைத்திருந்தார்கள். கள்ளச்சாராயம் ஏற்றும் வண்டிகளில் பாரம் ஏறினாலும் பின்பக்கம் தொங்காமலிருக்கச் செய்யும் வேலை அது. லாரி பட்டறையில் கமான் பட்டை சேர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் திருட்டுத்தனம் உடனே பிடிபடும். இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பரின் லிங்கன் காருக்கு வெற்றி போனது.

ஷோரூம் காருக்கும் ரேஸ் காருக்கும் இருந்த உறவு அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்தது. டொயோட்டாவின் ஷோரூம் கேம்ரியில் எஞ்சின் இழுப்பது முன் சக்கரங்களை. ரேஸ் கேம்ரியில் 5.86 லிட்டர் வி8 எஞ்சின் பின் சக்கரங்களைத் தள்ளுகிறது. ஷோரூம் கார்கள் எப்போதோ கைவிட்ட கார்புரேட்டர் இங்கே 2011 வரை இருந்தது.

1987-இல் டல்லடேகா டிராக்கில் பில் எலியட் மணிக்கு 212.809 மைல் வேகத்தில் தகுதிச் சுற்று ஓட்டினார். அதே வார ரேஸில் பாபி அலிசனின் டயர் வெடித்து, கார் மேலெழும்பி, பார்வையாளர் பக்க வேலியைக் கிழித்தது. மறு ஆண்டே பெரிய டிராக்குகளில் கார்புரேட்டருக்கு அடியில் நான்கு துளையிட்ட தகடு வந்துவிட்டது. காற்று குறைந்தது, வேகம் குறைந்தது. கூடவே எல்லா காரும் ஒரே வேகம் ஆகிவிட, முப்பது நாற்பது கார்கள் ஒட்டிக்கொண்டே ஓடும் காட்சி பிறந்தது. ஓமலூர் சாலையில் லாரிக்குப் பின்னால் போகும்போது காற்று சட்டென அடங்குவது தெரியும் (அதை பைக்கில் முயலவே வேண்டாம்). இங்கே அதற்கு மேல் ஒன்று உண்டு: பின்னால் வரும் கார் முன்காரையும் வேகப்படுத்தும். எனவே யாரும் தனியாக ஜெயிக்க முடியாது. கூட்டு சேரவும் வேண்டும், கடைசிச் சுற்றில் அதே கூட்டாளியை விட்டு விலகவும் வேண்டும். ஆனால் நடுவில் ஒருவர் தடுமாறினால் இருபது கார் சிதறும்.

2001 பிப்ரவரி 18-இல் டேடோனா 500 ரேஸின் கடைசிச் சுற்றில் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். அந்த அக்டோபரிலேயே தலையையும் கழுத்தையும் பிடித்து நிறுத்தும் கருவி கட்டாயமானது. 2002 முதல் கான்கிரீட் சுவருக்கு முன்னால் இரும்புக் குழாய்களும் நுரைக்கட்டைகளும் வைத்த தடுப்பு வரத் தொடங்கியது.

2022-இல் வந்த புதுக் காரில் ஒரே அடியில் எல்லாம் மாறியது. 15 அங்குல இரும்பு ரிம், ஐந்து நட்டு போய், 18 அங்குல அலுமினிய ரிம், நடுவில் ஒற்றை நட்டு. பின்பக்க ஒற்றை ஆக்சில் போய், ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி சஸ்பென்ஷன். ஷோரூம் கார்களைப் போலவே பெரிய ரிம், தட்டையான டயர். நியாயமான மாற்றம்தான். ஆனால் ரேஸின் நடுவே டயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் நிற்கும் பிட் ஸ்டாப்பின் அழகு போய்விட்டது. முன்பு நட்டுகளைப் பசையால் புது ரிம்மிலேயே ஒட்டி வைத்திருப்பார்கள். சக்கரத்தைத் தூக்கி மாட்டியதும் நட்டு இறுக்கும் கன் ஐந்து முறை ‘டர், டர்’ என்று பொரியும். நாலு சக்கரத்துக்கும் சேர்த்துக் கழற்ற 20, மாட்ட 20. கைவேகம் ரேஸையே ஜெயித்துக் கொடுத்தது. இப்போது டயர் மாற்றி முடித்தபிறகும் எரிபொருள் இறங்குவதற்காகக் காத்திருக்கிறார்கள்.

ஐந்தில் இரண்டு லூசாக இருந்தால் வண்டி அதிரும். ஓட்டுநர் உணர்ந்து திரும்பி வந்துவிடுவார். ஒற்றை நட்டு சரியாக உட்காராவிட்டால் சக்கரமே கழன்று உருண்டோடும். முதல் ஆண்டில் அப்படிக் கழன்றால் அணித் தலைவருக்கும் இரண்டு ஊழியர்களுக்கும் நான்கு ரேஸ் தடை.

அதைவிடக் கவலை தந்தது சேசிஸ், அதாவது காரின் குழாய்ச் சட்டம். பின்பக்கம் மிகவும் விறைப்பு. இரும்பாலை ஊரான சேலத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை: நசுங்காத இரும்பு அடியை உள்ளே அனுப்பிவிடும். கார் தப்பியது, தலை வாங்கியது. ஓட்டுநர் கர்ட் புஷ் 2022 ஜூலையில் போகோனோவில் பின்பக்கம் மோதி மூளை அதிர்ச்சியோடு ஒதுங்க வேண்டியதாயிற்று. 2023-க்குப் பின்பக்கக் குழாய்களை நசுங்கும்படி மாற்றினார்கள். முதல் ஆண்டிலேயே செய்திருக்க வேண்டிய வேலை இது.

சிறிய டிராக்குகளில் இன்னொரு குறை: அகல டயர், பெரிய பிரேக், தட்டையான அடிப்பாகம் எல்லாம் சேர்ந்து முந்துவதைக் கடினமாக்கிவிட்டன. 670 குதிரைத்திறனை அங்கே 2026 முதல் 750 ஆக்கியது இதற்காகத்தான். சக்தி கூடினால் பின்டயர் வழுக்கும், தேயும். பொறுமையாக ஓட்டுபவருக்குக் கடைசியில் பிடிப்பு மிஞ்சும். ரசிகர்கள் கேட்பதும் அதைத்தான்.

நம் பக்கத்து கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்காரின் பிக்கப் ட்ரக் தொடரில் ஓட்டினார். முதல் ரேஸ் மார்ட்டின்ஸ்வில், 13-ஆம் இடம். ரசிகர் வாக்கில் அவ்வாண்டு அத்தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநரும் அவரே.

டேடோனா 500 நமக்கு ஞாயிறு நள்ளிரவு தாண்டி, திங்கள் அதிகாலையில் தொடங்கும். விழித்திருக்க முடிந்தால் முதலாவதாக ஓடும் காரை மட்டும் பார்க்காதீர்கள். ஏழாவது எட்டாவது இடத்தில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் பிட் ஸ்டாப்பில் அதன் பின் கண்ணாடித் துளையில் ஸ்பேனர் எந்தப் பக்கம் நுழைகிறது, அடுத்த பத்துச் சுற்றில் வளைவில் அதன் மூக்கு முன்னைவிடச் சுலபமாகத் திரும்புகிறதா என்று கவனியுங்கள்.