கவிழ்ந்து கிடந்த ஆறாவது காயில்

மாடியில் ஏற்ற நானே செய்யும் காற்றாலையின் ஸ்டேட்டரை, அதாவது செம்புக் கம்பிச் சுருள்களை (காயில்) ரெசினில் பதித்த அசையாத தட்டை, அச்சிலிருந்து தட்டி எடுத்து, கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது பார் என்று வீட்டில் எல்லாருக்கும் காட்டியாயிற்று. மறுநாள் ஜெனரேட்டரை டிரில்லில் மாட்டி 200 ஆர்பிஎம்மில் சுற்றினால், மூன்று ஃபேஸில் முதல் ஃபேஸ் 9.1 வோல்ட், இரண்டாவது 9.0, மூன்றாவது 3.0.

வழக்கமான தட்டு ஜெனரேட்டர்தான்: சுழலும் தட்டான ரோட்டர் ஒன்றுக்கு 12 காந்தம், ஒன்பது காயில், காயிலுக்கு 55 சுற்று. சரியாக மூன்றில் ஒரு பங்கு என்றதும் வயிற்றைக் கலக்கிவிட்டது. ஃபேஸுக்கு மூன்று காயில் தொடராக இருக்கிறது. ஒன்று தலைகீழானால் இன்னொன்றைத் தின்றுவிடும், மிச்சம் ஒன்றுதான்.

எப்படி நடந்தது என்று தெரியும். வேலூர் மே மாதத்தில், ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரை டப்பாவில் போட்டிருந்த அளவுக்கே விட்டேன். பாதி ஊற்றுவதற்குள் ரெசின் மக்கிலேயே இறுகிவிட்டது. காயில்களைப் பிடுங்கித் துடைத்ததில் ஒன்று கழன்று வந்தது. மறுபடி பற்றவைத்தபோது அதைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இணைப்பு சரி என்று மீட்டர் பீப் அடித்தது. கவிழ்ந்த காயிலுக்கும் அது பீப் அடிக்கும்தானே!

காட்பாடியில் எனக்குக் கம்பி நிறுத்துக் கொடுக்கும் காயில் கட்டும் பாய் சிரித்தார். "மோட்டார்னா பொகை வந்து சொல்லிடும் தம்பி. உன்னுது ஜெனரேட்டராச்சே, வாயே தெறக்காது." கண்டுபிடிக்கும் வழியையும் அவர்தான் சொன்னார். டார்ச் செல்லை அந்த ஃபேஸில் ஒரு நொடி தொட்டு, நூலில் கட்டிய காந்தத் துண்டை ஒவ்வொரு காயில் மேலும் தொங்கவிட்டேன். அந்த ஃபேஸின் மூன்று காயிலில் 3ஆவது இழுத்தது, 9ஆவது இழுத்தது. 6ஆவது விலக்கித் தள்ளியது.

இணைப்புகள் வெளி ஓரமாகப் போவதால் பிழைத்தேன். ஹாக்ஸா பிளேடை உடைத்துக் கூராக்கி, ரெசினைப் பல் சுத்தம் செய்வதுபோல் சுரண்டினேன். இரண்டரை மணி நேரம். செம்பு மினுக்கியதும் கை நடுங்கியது. பக்கத்துக் கம்பியின் எனாமலில் பட்டால் எல்லாம் போச்சு. படவில்லை. இரண்டு முனையையும் மாற்றிப் பற்றவைத்தேன். இப்போது 8.9.

அடுத்ததை, நியோடிமியம் என்ற அரிய மண் காந்தத்துக்குப் பதில் ஃபெரைட் காந்தத்தில் செய்ய ஆசை. 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதிலிருந்து நியோடிமியத்தை நம்பவே பயமாக இருக்கிறது. கியர்பாக்ஸ் இல்லாத பெரிய கடல் காற்றாலைகளுக்கு மெகாவாட்டுக்குச் சில நூறு கிலோ அந்தக் காந்தம் வேண்டும், அவர்கள் பாடு என்னவோ. முப்பந்தலின் பழைய காற்றாலைகளுக்கு இந்தக் கவலையே இல்லை. கியர்பாக்ஸும் இண்டக்ஷன் ஜெனரேட்டரும்தான், காந்தம் கிடையாது. ஃபெரைட்டின் பலம் நியோடிமியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இந்த மூன்றில் ஒன்று என்னை விடாது போலிருக்கிறது.

டென்மார்க்கில் 2018இல் 3.6 மெகாவாட் காற்றாலை ஒன்றில் மீக்கடத்தி (கடும் குளிரில் மின்தடையே இல்லாத கம்பி) ஜெனரேட்டரையே ஏற்றிப் பார்த்தார்கள். ரோட்டர் சுருளை மைனஸ் 240 டிகிரிப் பக்கம் குளிர வைக்க வேண்டும். இங்கே ஒரு மக் ரெசினைக் குளிர வைக்க முடியவில்லை.

தோண்டிய குழியை இன்னும் அடைக்கவில்லை. ஆடிக்குள் மாடியில் ஏற்றியாக வேண்டும். நாளை விடியற்காலை ஐந்து மணிக்கு ஊற்றப்போகிறேன், ஹார்டனர் பாதிதான்.