விடுமுறைக்குப் போகாதவர்கள்

அநாதை இல்லம் என்று ஊரார் சொல்லும் இடங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ யாராவது ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்பதை, அப்படியோர் இல்லத்தில் போய்த் தங்கும் வரை நான் அறிந்திருக்கவில்லை. சமூகப் பணியில் பட்டம் முடித்த பின், ஊதியம் இல்லாத தன்னார்வப் பணியாக ஓராண்டைக் கழிக்க நான் சென்றது, இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் என்ற ஊருக்கு அருகே கன்னியர் நடத்திவந்த ஒரு பெண் குழந்தைகள் இல்லத்துக்கு. அங்கே இருந்த பிள்ளைகளில் ஒருத்தியின் தாய் திருப்பூரில் பின்னலாடை வேலைக்குப் போயிருந்தாள். இன்னொருத்தியின் தந்தை எல்லை தாண்டியதாகப் படகோடு பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருந்தார். வேறொருத்தியின் வீட்டில் குடியும் அடியும் தாங்காமல், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பக்கத்து வீட்டார் தகவல் கொடுத்ததால் அவள் வந்து சேர்ந்திருந்தாள்.

இவர்களுக்கு நடுவே ஏழாம் வகுப்புப் படித்த ஒரு பெண்ணின் நிலைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அவளுடைய தந்தை கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஏழு ஆண்டுகள் செய்தியே இல்லாதிருந்தால்தான் ஒருவரை இறந்தவராகக் கருதலாம் என்கிறது சாட்சியச் சட்டம். அதுவரை இறப்புச் சான்றிதழ் கிடைப்பது பெரும்பாடு. சான்றிதழ் இல்லாவிட்டால் நிவாரணமும் காப்பீடும் விதவை உதவித்தொகையும் இழுபறிதான். கரையில் இருப்பவர்களுக்கு அந்த விதி நியாயமாகவே தோன்றலாம், ஏனெனில் ஊரைவிட்டு ஓடிப்போனவர்கள் திரும்பி வருவதுண்டு. கவிழ்ந்த வள்ளம் மட்டும் கரை ஒதுங்கிய வீட்டில் ஏழு ஆண்டுகள் என்பது, பிள்ளையின் பள்ளிப் பருவம் முழுவதையும் விழுங்கிவிடும் காலம். தாய் மறுமணம் செய்துகொண்டு போய்விட, கண் பார்வை மங்கிய பாட்டியிடமிருந்து அந்தப் பெண் இல்லத்துக்கு வந்திருந்தாள். படிவங்களில் தந்தை பெயர் கேட்கும் இடத்தில் அவருடைய பெயரை எழுதுவாள். தொழில் கேட்கும் இடத்தில் 'மீன்பிடித் தொழில்' என்று தயங்காமல் எழுதுவாள்.

நான் குமரி மாவட்டத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள். எங்கள் ஊரில் டிசம்பர் பிறந்தவுடனே தெருவுக்கு ஒரு கிறிஸ்துமஸ் குடில் எழும்பிவிடும். முந்திரிக்கொத்து என்ற பலகாரத்துக்குப் பயறு வறுபடும் மணம் இல்லாத வீடு இருக்காது. இரவில் கேரல் பாடி வருபவர்களுக்காகக் கிழவிகள்கூடக் கண் விழித்திருப்பார்கள். ஒக்கி புயல் அடித்த 2017 ஆம் ஆண்டு மட்டும், கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பாததால், பண்டிகை என்ற பெயரில் பூசையும் அழுகையுமே இருந்தன. அந்த ஆண்டுகூட நான் வீட்டில்தான் இருந்தேன். ஆகவே, விடுதித் தாய்மார் இருவருக்கும் கிறிஸ்துமஸுக்கு விடுப்புக் கொடுத்தாக வேண்டும், நீ இங்கே இருக்க முடியுமா என்று பொறுப்பாளர் சிஸ்டர் கேட்டபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஆண்டெல்லாம் பிறர் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடும் ஒரு பெண், பண்டிகையன்றாவது தன் மகளுக்குத் தலை வாரிவிட நினைப்பதில் என்ன தவறு இருக்க முடியும் என்ற எண்ணமே இறுதியில் என்னைச் சம்மதிக்க வைத்தது. அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்க உள்ள பிள்ளைகளுக்கு முந்திரிக்கொத்து யாரு செய்து குடுப்பா மக்களே?" என்று மட்டும் கேட்டார். சில நாட்களில் பேருந்துப் பார்சலில் ஒரு தகர டின் வந்து சேர்ந்தது.

டிசம்பர் நடுவில் வருகைப் பதிவேட்டின் பக்கங்கள் வேகமாக நிரம்பத் தொடங்கின. மதுரையிலிருந்து ஓர் அலுவலகக் குழு, கல்லூரி மாணவர்கள், மகனின் பிறந்தநாளைப் பிள்ளைகளோடு கொண்டாட வந்த குடும்பம், இராமேஸ்வரம் கோயிலுக்கு வந்த வழியில் விவரம் கேட்டு இறங்கியவர்கள் என்று நாள்தோறும் யாராவது வந்தார்கள். நல்லெண்ணத்தோடுதான் வந்தார்கள், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு குழுவுக்கு முன்னாலும் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து, அதே வரவேற்புப் பாடலைப் பாடி, அதே நடனத்தை ஆடி, பெயரையும் வகுப்பையும் சொல்லி, கேக் துண்டை வாங்கிக்கொண்டு நன்றி கூற வேண்டியிருந்தது. அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அறிவியல் தேர்வுக்கு முந்தைய மாலையில் ஆடி முடித்து வியர்த்து வந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை, "இவுங்க எல்லாரும் ஒரே நாள்ல வந்தாகன்னா ஒரு தடவ ஆடுனாப் போதும்லக்கா" என்றாள். அன்று வந்த கேக்குகளை வைக்கக் குளிர்பதனப் பெட்டியில் இடமில்லை. வீணாக்க மனமில்லாமல் இரவே பிரித்துக் கொடுத்ததன் பலனாக, மறுநாள் சின்னப் பிள்ளைகள் சிலருக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துவிட்டு நான் ஓட வேண்டியிருந்தது.

எல்லாவற்றிலும் பெரிய தலைவலி படம் எடுப்பதுதான். 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74 ஆவது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்களில் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இதை வாசலிலேயே சொல்லிக் கைபேசிகளைப் பைக்குள் வைக்கச் செய்யும் வேலை எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பலர் புரிந்துகொண்டார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். "கொடுத்ததை நாலு பேருக்குக் காட்டினால்தானே நாளைக்கு இன்னும் நாலு பேர் கொடுப்பார்கள்?" என்று கேட்டவருக்குச் சிஸ்டர் அமைதியாக, "உங்க பொண்ணு இலவசச் சாப்பாட்டுத் தட்டோட நிக்கிற படத்த யாராவது போட்டா நீங்க சம்மதிப்பீங்களா?" என்றார். அவர் பதில் சொல்லவில்லை. சாப்பாட்டுக்குப் பணம் கட்டத் தவறவும் இல்லை. இந்தக் கட்டுரையில் எந்தப் பிள்ளைக்கும் பெயர் இல்லாததற்கும் அதே காரணம்தான்.

தேர்வு முடிந்ததும் உறவினர்கள் வந்து பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். குழந்தை நலக் குழுவின் அனுமதி, அழைத்துச் செல்பவரின் அடையாள அட்டை, கையொப்பம், திரும்பக் கொண்டுவந்து விடும் தேதி என்று ஒவ்வொன்றையும் சரிபார்த்து அனுப்பவே மாலையாகிவிட்டது. எஞ்சியவர்கள் பதினொரு பேர். அன்றிரவு அழுகையும் ஆற்றுப்படுத்தலுமாகக் கழியும் என்று எதிர்பார்த்து, சொல்வதற்குக் கதைகளைக்கூட யோசித்து வைத்திருந்தேன். அழுதவள் ஒருத்திதான்; அவளும் விரைவில் தூங்கிப்போனாள். மற்றவர்கள் நீளமான கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் கிடந்த பாய்களை இழுத்துவந்து, வாடைக்காற்று படாத சுவரோரமாக ஒன்றையொன்று ஒட்டிப் போட்டுக்கொண்டு, நள்ளிரவு வரை பேசிச் சிரித்தார்கள். குளியலறைக்கு வரிசை இல்லை, வாளிக்குச் சண்டை இல்லை, காலை மணி ஒலிக்காது, குழம்பில் மீன் துண்டு இரண்டாகக் கிடைக்கும் என்று அவர்கள் எண்ணிச் சொன்ன வசதிகளைக் கேட்டபோது, நான் கொண்டுவந்திருந்த இரக்கத்துக்கு அங்கே அதிக வேலை இல்லை என்பது விளங்கியது.

குடில் கட்டும் பொறுப்பைச் சமையல்கார அம்மா எடுத்துக்கொண்டார். அவருடைய தாயார் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 ஆம் தேதி இரவுப் புயலில் எல்லாவற்றையும் இழந்து உயிரோடு கரையேறிய குடும்பம் அது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையே அலை கொண்டுபோன இரவு அது என்பதால், அந்தத் தேதியில் நட்சத்திரம் தொங்கவிடக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். இல்லத்திலும் 23 ஆம் தேதிதான் வேலை தொடங்கும். பனங்குருத்தை வெயிலில் வாட்டி, ஈர்க்கை ஒரே இழுப்பில் உரித்தெடுத்து, ஓலையை நான்காக மடித்து, நுனியை உள்ளே செருகி அவர் ஒரு நட்சத்திரம் செய்து முடிப்பதற்குள் என் ஓலை இரண்டு இடத்தில் கிழிந்திருக்கும். கூரைக்கு ஓலை, தரைக்குக் கடல்மணல், மேய்ச்சலுக்குக் கரையில் ஒதுங்கிய கடற்புல். சுரூபங்களில் கழுதை எப்போதோ உடைந்துபோனதால், ஒரு முள்சங்கை அந்த இடத்தில் வைத்து அதைக் கழுதை என்றே எல்லோரும் அழைக்க வேண்டும் என்று நான்காம் வகுப்புப் பிள்ளை சட்டம் போட்டாள். அவள் முஸ்லிம் குடும்பத்துப் பெண். குடிலில் அதிக நேரம் செலவிட்டவளும் அவள்தான்.

நள்ளிரவுத் திருப்பலிக்கு யார் வருகிறீர்கள் என்று சிஸ்டர் ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியே கேட்டார். வர விரும்பாதவர்கள் சமையல்கார அம்மாவோடு இருந்துகொண்டார்கள். டிசம்பரில் வடகடல் இரைச்சலாகவே இருக்கும். பல படகுகளைத் தென்கடல் பக்கம் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். கோயிலில் குழந்தை இயேசு சுரூபத்தை முத்தமிட நின்ற வரிசையில், மீனவப் பெண்கள் எங்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்துத் தங்கள் முன்னால் இழுத்து நிறுத்தியதைக் கவனித்தேன். ஆண்டு முழுவதும் மீன் கொண்டுவந்து கொடுப்பவர்கள் அவர்கள். யாருக்கு எந்தப் பாடத்தில் மதிப்பெண் குறைந்தது என்பது வரை தெரிந்து வைத்திருந்தார்கள்.

பண்டிகை நாளன்று விருந்தினர் ஒருவரும் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அது இயல்புதான். அன்று அவரவர்க்கு அவரவர் வீடு இருக்கிறது. முந்தைய நாள் மாலையே ஓர் அம்மா கொடுத்துவிட்டுப் போன நண்டைக் கழுவி உடைத்து, முண்டு மிளகாய் அரைத்து, மதியம் வரை சமையலறையிலேயே கழித்தோம். சாப்பிட்ட பிறகு வந்த பிற்பகல்தான் நீண்டது. எங்கள் ஊர்ப் பாட்டும் கூச்சலும் காதில் கேட்பதுபோல் இருந்ததால் நான் சற்றுத் தளர்ந்துபோனேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்நேரம் அம்மா அழைத்தார். யார் பேசுவது என்று பிள்ளைகள் சுற்றிக்கொண்டதால் கைபேசியைக் கொடுத்துவிட்டேன். அம்மா ஒவ்வொருத்தியிடமும் என்ன சாப்பிட்டாய், நண்டில் தேங்காய் அரைத்தார்களா, முந்திரிக்கொத்து கல்லாகப் போய்விட்டதா என்று விசாரித்தார். குமரித் தமிழ் பாதி புரியாமல் அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தந்தை கடலுக்குப் போன பெண் மட்டும் கைபேசியோடு வராந்தாவின் கடைசிக்குப் போய் வெகுநேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று அம்மா இன்று வரை என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனவர்கள்தாம் கொடுத்துவைத்தவர்கள் என்ற எண்ணமும் விரைவில் கலைந்தது. புத்தாண்டுக்கு முன்பே ஒரு பிள்ளையை அவளுடைய மாமா திரும்பக் கொண்டுவந்து விட்டார். வீட்டில் இட நெருக்கடி என்றார். அவள் யாரிடமும் பேசாமல் கூடத்துக்குப் போய், தன் பாயை யார் எடுத்தது என்று சண்டையைத் தொடங்கினாள். அந்தச் சண்டையை உடனே தீர்க்க வேண்டாம் என்று சிஸ்டர் எனக்குச் சைகை காட்டினார். அரை மணி நேரம் கத்தித் தீர்த்தபின், மற்றவர்கள் நகர்ந்து சுவரோரத்தில் அவளுக்கு இடம் கொடுத்தார்கள். உறவினர் வீட்டிலிருந்து திரும்பும் பிள்ளைகளின் முதல் வாரம்தான் ஆண்டிலேயே கடினமானது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

பொங்கலுக்குப் பிறகு வருகைப் பதிவேடு வெறுமையானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்க, மீன் வரத்தும் நின்றது. கிணற்றுத் தண்ணீர் உப்பேற, குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீருக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. கோடை விடுமுறை என்பதால் வீட்டுக்குப் போகாத பிள்ளைகள் நாள் முழுவதும் இல்லத்திலேயே இருந்தார்கள். நடனம் பார்க்க அப்போது யாரும் வரவில்லை.

இப்போது மதுரையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். டிசம்பரில் ஏதாவது இல்லத்துக்குப் போகலாம் என்று சக ஊழியர்கள் கிளம்பும்போதெல்லாம், மே மாதத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லிப் பார்க்கிறேன். கோடையில் அவரவர் பிள்ளைகளைக் கொடைக்கானலுக்கு அழைத்துப் போக வேண்டியிருப்பதால் பாதிப் பேர் இணங்குவதில்லை. சென்ற ஆண்டு ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்: திரட்டிய தொகையில் பெரும்பகுதியைத் தண்ணீர் லாரிக்காரருக்கு முன்பணமாகக் கட்டுவது, மீதியில் ஒரே ஒரு கேக் வாங்குவது, அதையும் தேர்வு முடிந்த பிறகே கொண்டுபோவது.