டச்பேட் எழவில்லை: ஒரு கெர்னல் பிழையைத் தேடிப் போன கதை

லேப்டாப்பை மூடித் திறந்தால் டச்பேட் சில சமயம் வேலை செய்யும், சில சமயம் செய்யாது. என் டிஸ்ட்ரோவில் (லினக்ஸைத் தொகுத்துத் தரும் வெளியீட்டில்) புதுக் கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, வந்ததிலிருந்துதான் இந்தத் தொல்லை. கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பூட் செய்தால் எல்லாம் சரியாக இருந்தது.

பழைய கெர்னலில் சரி என்ற இந்தத் தகவல்தான் முக்கியம். முன்பு ஓடியது இப்போது ஓடவில்லை என்றால் அது ரெக்ரெஷன். மற்றப் பிழைகளை மெயின்டெய்னர் (அந்தப் பகுதி நிரலைப் பராமரிப்பவர்) நேரம் கிடைத்தால் பார்ப்பார். ரெக்ரெஷனை அப்படி ஒதுக்கி வைக்க முடியாது. பயனரிடம் ஓடிக்கொண்டிருந்ததை உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கறாரானவர். உடைத்த மாற்றம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சரிசெய்ய வழி தெரியவில்லை என்றால் அதைத் திரும்ப எடுத்துவிடச் சொல்வார்.

எனக்கு சி மொழியைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குத்தான் தெரியும். டிரைவர் எதுவும் எழுதியதில்லை. இந்த வேலைக்கு அது தேவைப்படவும் இல்லை.

முதலில் செய்ய வேண்டியது, டிஸ்ட்ரோவின் கெர்னலை விட்டு வெளியே வருவது. டிஸ்ட்ரோக்காரர்கள் தங்கள் பேட்சுகளையும் (நிரல் திருத்தங்களையும்) சேர்த்துத்தான் தருகிறார்கள். அதில் வந்த பிழையைக் கெர்னல் டெவலப்பரிடம் கொண்டுபோனால், "கலப்பில்லாத மெயின்லைனில் வருகிறதா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். மெயின்லைன் என்பது டோர்வால்ட்ஸ் வெளியிடும் மூலக் கெர்னல். இரண்டாவது கேள்வி டெயின்ட் பற்றியது. வெளியிலிருந்து வந்த மாட்யூல் (கெர்னலில் தேவைக்கு ஏற்றும் துண்டு நிரல்) ஏதாவது ஏறியிருந்தால் கெர்னல் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். ப்ராக் கோப்பகத்தில், சிஸ் என்பதற்குள் கெர்னல் என்பதற்குள் டெயின்டட் என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதில் பூஜ்யம் இருந்தால் நிம்மதி. என்னிடம் விர்ச்சுவல் மெஷினுக்காகப் போட்ட ஒரு மாட்யூல் இருந்தது. அதை எடுத்துவிட்டு, பூஜ்யம் வந்த பிறகுதான் தொடர்ந்தேன்.

கெர்னலை நாமே பில்ட் செய்வது, அதாவது மூல நிரலிலிருந்து உருவாக்குவது, பலரும் பயப்படும் அளவுக்குக் கஷ்டம் இல்லை. டிஸ்ட்ரோவின் கான்ஃபிக்கை (எவையெல்லாம் சேர வேண்டும் என்ற அமைப்புக் கோப்பை) அப்படியே எடுத்தால் ஆயிரக்கணக்கான மாட்யூல்கள் பில்ட் ஆகும், சாதாரண லேப்டாப்பில் மணிக்கணக்கில் ஓடும். லோக்கல்மாட்கான்ஃபிக் என்று ஒரு வசதி உண்டு. இப்போது ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். அதை ஓட்டும் முன் பென்டிரைவ், ஹெட்செட், போன் வழி இன்டர்நெட் என்று வழக்கமாகப் பயன்படுத்துவதை எல்லாம் ஒருமுறை செருகிவிடுங்கள். இல்லையென்றால் புதுக் கெர்னலுக்கு அவற்றை அடையாளமே தெரியாது. டெபியன் வழிவந்த டிஸ்ட்ரோ என்றால் அதன் கான்ஃபிக்கில் ஒரு சான்றிதழ்க் கோப்பின் பெயர் இருக்கும். அந்தக் கோப்பு நம்மிடம் இருக்காது, பில்ட் பாதியில் நின்றுவிடும். அந்த வரியை காலியாக்க வேண்டும். செக்யூர் பூட் போட்டிருந்தால் நாம் பில்ட் செய்த கெர்னல் ஏறாது. கையொப்பமிட வேண்டும் அல்லது செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும். நான் அணைத்துவிட்டேன்.

அப்போது வெளியாகியிருந்த ஆர்சி கெர்னலை (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பை) போட்டுப் பார்த்தேன். பிழை இருந்தது. பழைய பதிப்பின் கலப்பில்லாத வடிவத்தைப் போட்டேன். பிழை இல்லை. ஆக, இடையில் யாரோ செய்த ஒரு மாற்றம்தான் காரணம். அதைக் கண்டுபிடிக்கத்தான், நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் உள்ள பைசெக்ட் கட்டளை. லினக்ஸ் கெர்னலில் 9, 10 வாரத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 14,000 கமிட்கள், அதாவது பதிவான மாற்றங்கள். அதைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியை விலக்கி, மறுபடி வெட்டிக்கொண்டே போனால் 14 பில்ட்களில் அந்த ஒரே கமிட்டுக்கு வந்துவிடலாம்.

கணக்கு அப்படிச் சொல்கிறது. ஆனால் "சில சமயம் வரும்" பிழைக்கு இது அப்படியே பொருந்தாது. ஒவ்வொரு பில்டிலும் நாம் நல்லது, கெட்டது என்று ஒன்றைச் சொல்ல வேண்டும். கெட்ட கமிட்டை ஒரே ஒருமுறை தப்பாக நல்லது என்று சொல்லிவிட்டாலும், அதற்குப் பிறகான தேடல் முழுக்கத் தவறான பாதியில் நடக்கும். கடைசியில் சம்பந்தமே இல்லாத ஒருவரின் கமிட்டைக் காட்டும். எனக்குப் பிழை ஏறக்குறைய நாலு தடவைக்கு ஒரு தடவை வந்தது. பத்து முறை தூங்க வைத்து எழுப்பிப் பார்த்தும் பிழை வராமல் தப்பித்துவிட 5 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. கேட்கச் சின்னதாகத் தெரியும். 14 பில்டில் பாதி கெட்டதாக இருந்தால், எங்காவது ஓரிடத்தில் ஏமாறும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது. இருபது முறை சோதித்தால் அப்படி எங்காவது ஏமாறும் வாய்ப்பு 2 சதவீதம் அளவுக்கு இறங்குகிறது. அதனால் இருபது என்று முடிவு செய்தேன்.

ஒவ்வொரு பில்டுக்கும் இருபது தடவை மூடித் திறக்க யாரால் முடியும்? ஆர்டிசிவேக் என்ற சிறிய கட்டளை, கணினியைத் தூங்க வைத்து, சொன்ன நேரத்தில் தானே எழுப்பிவிடும். அதை ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் போட்டுச் சுழல விட்டேன். டச்பேட் செத்துப்போகும்போதெல்லாம் கெர்னல் லாகில் அதன் பெயரோடு கழித்தல் 110 என்ற எண் வந்துகொண்டிருந்தது. காத்திருந்தும் பதில் வரவில்லை என்பதற்கான பிழை எண் அது. எழுந்தவுடன் அந்த வரி இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் பார்க்கும், இருந்தால் நின்றுவிடும். நான் டச்பேடைத் தொட வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. இந்த ஸ்கிரிப்டுக்குச் செலவழித்த மாலை நேரம்தான் இந்த மொத்த வேலையிலும் மிகப் பயனுள்ளது என்பேன்.

பைசெக்ட் நடுவே ஒன்று எல்லோரையும் குழப்பும். இரண்டு புதிய பதிப்புகளுக்கு இடையே தேடும்போது, பூட் ஆன கெர்னல் தன்னை அதைவிடப் பழைய ஆர்சி என்று சொல்லும். தப்பில்லை. பழைய ஆர்சியிலிருந்து கிளைத்த வேலை பிற்பாடு இணைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். பதிப்பு எண்ணோடு கமிட் எண்ணும் ஒட்டி வரும்படி கான்ஃபிக்கில் வைத்துக்கொண்டால், எந்தக் கெர்னலில் நிற்கிறோம் என்ற சந்தேகம் வராது. நடுவில் ஒரு பில்ட் பூட்டே ஆகவில்லை. அதற்கு நல்லதும் சொல்லக் கூடாது, கெட்டதும் சொல்லக் கூடாது. ஸ்கிப் என்று சொல்லி நகர வேண்டும்.

அகப்பட்டது ஒரு சின்ன கமிட். டச்பேடுக்கு மின்சாரம் கொடுத்த பின் இருந்த ஒரு காத்திருப்பு தேவையில்லை என்று எடுத்திருந்தார்கள். காரணமும் நியாயமாக எழுதப்பட்டிருந்தது. பெரும்பாலான டச்பேடுகளுக்கு அது தேவையில்லைதான். என்னுடையதற்குத் தேவைப்பட்டது. புது ஆர்சியில் அந்த ஒரு கமிட்டை மட்டும் ரிவர்ட் செய்து (திரும்ப எடுத்து) ராத்திரி முழுக்க ஸ்கிரிப்டை ஓட விட்டேன். காலையில் பிழை ஒன்றுகூட இல்லை.

அப்புறம் அறிக்கை. கெர்னலுக்குப் பிழைகளைப் பதியும் பக்ஸில்லா தளம் ஒன்று இருக்கிறது, ஆனால் பல மெயின்டெய்னர்கள் அதன் பக்கம் வருவதில்லை. மெயில்தான் வழி. யாருக்கு அனுப்புவது என்பதை மூல நிரலோடு வரும் கெட் மெயின்டெய்னர் என்ற ஸ்கிரிப்ட் சொல்லிவிடும். கமிட் எழுதியவர், மெயின்டெய்னர், அந்தப் பிரிவின் மெயில் பட்டியல், கூடவே ரெக்ரெஷன்களுக்கான பட்டியல். எச்டிஎம்எல் மெயில் போகவே போகாது, வெறும் எழுத்து மட்டும். தலைப்பின் தொடக்கத்தில் ரெக்ரெஷன் என்று போட்டேன். முதல் பத்தியில் எந்தக் கமிட், என்ன நடக்கிறது, ரிவர்ட் செய்தால் சரியாகிறது என்ற மூன்றே விஷயம். லாகும் பைசெக்ட் பதிவும் இணைப்பில். ரெக்ரெஷன்களைக் கண்காணிக்கும் ரெக்ஸ்பாட் என்ற தானியங்கி நிரலுக்கு ஒரு வரி சேர்த்தால் அது இதைக் கணக்கில் வைத்துத் தொடரும். அந்த பாட்டைப் பராமரிப்பவர் தோர்ஸ்டன் லீம்ஹுயிஸ். கெர்னல் பிழையை எப்படித் தெரிவிப்பது என்ற நீண்ட வழிகாட்டியை எழுதியவரும் அவர்தான். "லினக்ஸில் டச்பேட் சரியில்லை" என்று மட்டும் எழுதுபவர்களுக்குப் பதில் வருவதில்லை என்றால் அது திமிர் இல்லை. அதை வைத்துக்கொண்டு அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

கமிட் எழுதியவரே பதில் போட்டார், மரியாதையாக. ஒரு சோதனைப் பேட்ச் இணைத்திருந்தார். அதில் பிழை குறைந்தது, போகவில்லை. ஸ்கிரிப்டின் கணக்கை அப்படியே திருப்பி அனுப்பினேன். அடுத்த பேட்சில் காத்திருப்பைச் சற்றுக் கூட்டியிருந்தார், பிழை நின்றது. கமிட் செய்தியில் தெரிவித்தவர், சோதித்தவர் என்று இரண்டு வரிகளில் என் பெயர் வருவதற்குச் சம்மதமா என்று கேட்டார். கெர்னல் வரலாற்றில் பெயரும் மெயிலும் நிரந்தரமாக நிற்கும் என்பதால் கேட்டுத்தான் போடுகிறார்கள்.

பேட்ச் ஒப்புக்கொள்ளப்பட்டதும் என் லேப்டாப்புக்கு வந்துவிடாது. முதலில் மெயின்லைனில் சேர வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்டேபிள் கிளைகளுக்கு (ஏற்கெனவே வெளியான பதிப்புகளுக்குத் திருத்தம் சேர்க்கும் கிளைகளுக்கு) எடுப்பார்கள். அங்கிருந்து டிஸ்ட்ரோ எடுக்க வேண்டும். அதுவரை நானே பில்ட் செய்த கெர்னலில்தான் ஓட்டினேன்.

அந்த ஸ்கிரிப்டை அழிக்கவில்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் இரண்டு வாரம் புது மாற்றங்களைச் சேர்த்து முதல் ஆர்சி வரும். அதன் பிறகு வாரம் ஒரு ஆர்சி. மூன்றாவது ஆர்சி வந்ததும் பில்ட் செய்து ஒரு இரவு ஓட விடுகிறேன். அப்போதே பிழை சிக்கினால், ஸ்டேபிள், டிஸ்ட்ரோ என்ற வரிசையில் நிற்கும் வேலை இல்லை. வெளியீட்டுக்கு முன்பே சரிசெய்துவிடுவார்கள்.