எலிசா அம்மாள் வாழ்க்கைப்பட்ட ஊர்

திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடி என்றதும் எல்லார் வாயிலும் வருவது கால்டுவெல் ஐயர் பேர்தான். (போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம்.) திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர், சென்னை மெரினாவில் சிலையாக நிற்பவர், 2010இல் தபால்தலையில் வந்தவர். அந்தப் பெருமை எல்லாமே அவருக்குத் தகும். ஆனால் நாகர்கோவில்காரர்களான எங்களுக்கு அந்த ஊரோடு வேறு ஒரு சொந்தம் உண்டு. அது நாங்கள் பெண் கொடுத்த ஊர். 1844இல் இங்கே மிஷன் வீட்டிலிருந்து எலிசா மால்ட் என்ற பெண் கால்டுவெல் ஐயருக்கு வாழ்க்கைப்பட்டு அங்கே போனார்கள். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஜூலை மாதத்தில் வேன் பிடித்து இடையன்குடிக்குப் போனது அந்த அம்மாவைப் பார்க்கத்தான்.

புறப்படும் முன் நாகர்கோவில் ஹோம் சர்ச் வாசலில் நின்று ஜெபம் பண்ணினோம். 1819இல் மீட் ஐயர் அஸ்திபாரம் போட்ட ஆலயம் அது. அதே ஆண்டில்தான் சார்லஸ் மால்ட் ஐயரும் அவர் மனைவி மார்த்தா அம்மாளும் லண்டன் மிஷன் ஊழியர்களாக நாகர்கோவில் வந்து சேர்ந்தார்கள். மார்த்தா அம்மாள் இங்கே செய்த காரியத்தை என் அம்மாச்சி தலைமுறை வரை வீட்டில் பேசுவார்கள். பெண் பிள்ளைகளை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள், கூடவே ரேந்தை, அதாவது லேஸ், பின்னவும் பழக்கினார்கள். பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம், அடிமைமுறை சட்டப்படியே இருந்த திருவிதாங்கூர். ரேந்தை விற்ற காசைச் சேர்த்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். நூலும் குச்சியும் கையிலெடுத்து விடுதலையைச் சம்பாதித்தவர்கள் அவர்கள். அந்த வீட்டில் பிறந்த பிள்ளைதான் எலிசா. ஊழியம் என்றால் என்ன என்று ஒருவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை அந்தப் பிள்ளைக்கு இருந்திருக்காது.

அஞ்சுகிராமம், கூடங்குளம் வழியாக உவரிப் பக்கம் போகும் சாலை. காற்றாலைகள் முடிந்ததும் பனை தொடங்கிவிடுகிறது. ஆடிக் காற்று செம்மண்ணை வாரி வேன் கண்ணாடியில் அடித்தது. வழியில் ஒரு ஓலைப் பந்தலில் பதநீர் விற்றவரிடம் நிறுத்தினோம். பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தால்தான் சிந்தாது. எங்களில் மூத்த அக்கா ஒருவர், "எலிசா அம்மாவும் இதைக் குடிச்சுதான் இந்த வெயில்ல கிடந்திருப்பா" என்றார். வேனுக்குள் வந்ததும் அந்தப் பேச்சு நெடுநேரம் ஓடியது.

கணவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராபர்ட் கால்டுவெல் 1814இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் பிறந்தவர். கிளாஸ்கோவில் படித்துவிட்டு 1838 ஜனவரியில், 23 வயதில், லண்டன் மிஷன் ஊழியராகச் சென்னையில் கால் வைத்தார். திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ட்ரூ ஐயரோடு இருந்து தமிழ் படித்தார். 1841இல் ஆங்கிலிக்கன் சபையின் எஸ்.பி.ஜி. மிஷன் சங்கத்துக்கு மாறினார். அப்போது திருநெல்வேலிக்குப் போகச் சொன்னதும் அவர் பல்லக்கு ஏறவில்லை. சென்னையிலிருந்து நடந்தார். தரங்கம்பாடி, தஞ்சாவூர், நீலகிரி, மதுரை என்று சுற்றி நடந்தார். மக்களை அறிய வேண்டும், அவர்கள் பேசுகிற தமிழைக் காதால் கேட்க வேண்டும் என்பதே அந்த நடையின் நோக்கம். நீலகிரியில் ஸ்பென்சர் அத்தியட்சர் (பிஷப்) கையால் அபிஷேகம் பெற்று, அந்த ஆண்டின் முடிவில் இந்தச் செம்மணல் தேரிக்காட்டு ஓரத்துக்கு வந்து சேர்ந்தார். புழுதிக் காலோடு ஊருக்குள் நுழைந்த அந்த வாலிபனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

ஆனால் நடந்தே வந்தாலும் அவர் வெளியூர்க்காரர்தான். இந்த ஊர்ப் பெண்கள் அடுப்படியில் உட்கார்ந்து என்ன பேசுகிறார்கள் என்பது அவருக்கு எட்டாது. ஆண் ஊழியர் யாருக்குமே அந்தக் காலத்தில் அது எட்டாது. மூன்று ஆண்டு கழித்து எலிசா அம்மாள் வந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. அம்மாவுக்குத் தமிழ் புஸ்தகத்தில் படித்த பாஷை அல்ல. தாய் தகப்பன் ஊழியம் செய்த வீட்டில், முற்றத்துப் பிள்ளைகளோடு பேசி வந்த பாஷை. நாற்பது ஆண்டுக்கு மேல் இடையன்குடியிலும் சுற்று வட்டாரத்திலும் பெண்கள் மத்தியில் ஊழியம் செய்தார்கள். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். நாகர்கோவிலில் தாய் பழக்கின ரேந்தையை மகள் இங்கே கொண்டுவந்து பழக்கினார்கள். ஏழு பிள்ளைகளையும் பெற்று வளர்த்தார்கள்.

வேனில் எங்களுக்குள் ஆக்கில்லா பிரிஸ்கில்லாள் பேச்சு வந்தது இதனால்தான். ரோமர் 16ஆம் அதிகாரத்தில் பவுல் அப்போஸ்தலன் அந்தத் தம்பதிக்கு வாழ்த்துச் சொல்லும்போது பிரிஸ்கில்லாளின் பேரைத்தான் முதலில் வைக்கிறார். கூடாரம் பண்ணுகிற கைத்தொழில் அவர்களுக்கு. ஊர் ஊராகப் போய், போகிற இடத்தில் தங்கள் வீட்டையே சபையாக்கினார்கள். அப்பொல்லோவைப் போலப் பேச்சில் வல்லவனுக்கும் தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விளக்கிக் காட்டினது அந்த இருவரும் சேர்ந்துதான். கைத்தொழில், வீடு, வசனம் மூன்றும் அவர்களிடம் தனித்தனியாக இருக்கவில்லை. இடையன்குடியிலும் அதுதான் நடந்தது என்பது என் நம்பிக்கை.

ஊருக்குள் நுழைந்தால் முதலில் தெருக்கள் தெரியும். நேராக ஓடுகிற தெருக்கள். ஐயர் நிலம் வாங்கி, மனை பிரித்து, தெரு போட்டு, கிணறு தோண்டி, மரம் நட்டு உண்டாக்கின அமைப்பு என்று ஊரார் சொல்வார்கள். பல ஊர்களில் விசுவாசத்துக்கு வந்த ஏழைக் குடும்பங்கள் பழைய எஜமான்கள் நிலத்தில் குடியிருக்க முடியாமல் விரட்டப்பட்டார்கள். அதனால்தான் முதலூர் போன்ற கிராமங்களே தனியாக உண்டாயின. வசனம் சொல்லிவிட்டு நகர்ந்துபோகிற ஊழியம் இங்கே பலன் தந்திருக்காது. குடியிருக்க இடம் காட்ட வேண்டியிருந்தது.

தூய திரித்துவ ஆலயம் தெருமுனையில் திடீரென்று உயர்ந்து நிற்கிறது. ஆலயத்தைப் பார்த்துக்கொள்கிற கோயில்குட்டியார் சாவியோடு வந்தார். "எங்க இருந்து வாரிய?" என்றார். நாகர்கோவில் என்றதும் முகம் மலர்ந்து, "அப்போ அம்மா ஊர்லா" என்றார். எங்கள் அக்காமார் இரண்டு பேருக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

1847இல் தொடங்கிய வேலை அது. பிரதிஷ்டை நடந்தது 1880 ஜூலை 6. முப்பத்து மூன்று ஆண்டுகள். ஒரு கிராமத்துக் கொத்தனார்களையும் தச்சர்களையும் வைத்துக்கொண்டு, கூர்மாட வளைவுகளோடு ஐரோப்பியப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். அந்த மாதிரி வளைவை யாரும் இங்கே முன்பு பார்த்ததில்லை. ஐயர் களிமண்ணைப் பிசைந்து சன்னலின் வளைவையும் நிலையையும் மாதிரியாகச் செய்து காட்டி, அதைப் பார்த்து வேலைக்காரர்கள் செதுக்கினார்கள் என்பது ஊரில் வழிவழியாகச் சொல்லப்படுகிற செய்தி. நான் ஒரு சன்னலின் அருகே போய் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். வளைவு ஒரே சீராக மேலேறி உச்சியில் கூடுகிறது. கை வைக்கிற உயரத்தில் விளிம்பு வழவழப்பாக இருக்கிறது. பிள்ளைகள் ஞாயிறுப் பள்ளிக்கு வந்து சாய்ந்து நின்று தேய்த்தது போலும். மேலே எட்டாத இடத்தில் உளித் தடம் இன்னும் தெரிகிறது.

கட்டுகிற அந்த ஆண்டுகளில் அவர் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது, விரிவான இரண்டாம் பதிப்பு 1875இல். வேதாகமத் தமிழ்த் திருத்தம் செய்த பவர் ஐயர் குழுவில் இருந்தார். நாம் ஆராதனையில் கையில் எடுக்கிற ஜெப புஸ்தகத்தின் தமிழைத் திருத்தினவர்களிலும் அவர் ஒருவர். 1876இல், அறுபது வயது தாண்டிய பிறகு, ஊர் ஊராகச் சுவிசேஷப் பயணம் போனார். 1877 மார்ச்சில் சார்ஜென்ட் ஐயரோடு கல்கத்தாவில் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். அதே சமயம் தாது வருஷப் பஞ்சம். கஞ்சித் தொட்டி, அநாதைப் பிள்ளைகள், ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானத்துக்கு வந்த ஜனங்கள். அவர் பயணத்தில் இருந்த நாட்களில் இந்த ஊரில் பள்ளிக்கூடமும் நடந்தது, ரேந்தை வகுப்பும் நடந்தது, நோயாளி வீட்டுக்கு ஆளும் போனது. அதை யார் தாங்கினார்கள் என்று கேட்டால் பதில் ஒன்றுதான்.

ஒரு காரியத்தை மறைக்கக் கூடாது. 1849இல் அவர் இந்தப் பகுதிப் பனைத்தொழில் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய சிறு புத்தகம் அந்த மக்களைப் புண்படுத்தியது. படித்தவர்கள் அதை வாசித்தபோது கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்த்தது நியாயம். அவர் ஊழியத்தை நேசிக்கிற நான் அதையும் சேர்த்தேதான் நினைக்கிறேன். தங்கள் குருவின் எழுத்தையே கேள்வி கேட்கிற அளவுக்கு அந்த மக்கள் படித்து எழும்பியிருந்தார்கள் என்பதும் இந்த மண்ணில் நடந்த காரியம்தான்.

ஆல்டருக்கு முன்னால் முழங்கால்படியிட்டோம். ஐயர் 1891 ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார். கடைசி ஆண்டுகளில் தூத்துக்குடியில் இருந்தவர், ஓய்வுக்காக மலைக்குப் போயிருந்தார். உடலை மலையிலிருந்து இறக்கி, இவ்வளவு தூரம் கொண்டுவந்து, தான் கட்டின ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். எட்டு ஆண்டு கழித்து 1899இல் எலிசா அம்மாளும் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களையும் இங்கேதான் கணவரோடு வைத்தார்கள். பிறந்த மண்ணான திருவிதாங்கூருக்கும் போகவில்லை, பெற்றோர் தேசமான இங்கிலாந்துக்கும் போகவில்லை.

எங்கள் சங்கச் செயலாளர் அக்கா நாகர்கோவிலிலிருந்து ஒரு சின்ன ரேந்தைத் துண்டு கொண்டுவந்திருந்தார். அவர்கள் மாமியார் பின்னினது. தலையணை மேல் ஊசி குத்தி, குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற பழைய வேலை. இலையும் கொடியுமான ஓரம், நடுவில் சிலுவை. அதை ஆல்டர் விரிப்போடு வைக்க உத்தரவு கேட்டோம். அந்தச் சபைப் போதகரின் மனைவி ஐயரம்மா வந்து இரண்டு கையாலும் வாங்கி, விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இந்தக் கண்ணு இப்ப யாரு போடுதா?" என்று கேட்டார்கள். எங்களில் பின்னத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். ஐயரம்மாவும் அவரும் பெஞ்சில் உட்கார்ந்து நூல் நம்பர் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். மற்றவர்கள் பாமாலை எடுத்துப் பாடினோம். உயரமான கூரைக்குள் பெண்கள் குரல் மட்டும் ஏறுவதைக் கேட்க அத்தனை நன்றாக இருந்தது.

நானும் என் கணவரும் ஓய்வுபெற்ற பிறகு கிராமங்களுக்குப் போய் ஜெபக்கூட்டம் நடத்துகிறோம். அவர் பிரசங்கம் பண்ணுவார், நான் வீடுகளுக்குள் போவேன். கூட்டம் முடிந்தால் ஜனங்கள் அவருக்குத்தான் நன்றி சொல்வார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. ஆனால் அந்த ஆல்டர் முன்னால் நின்றபோது, வீட்டுக்குள் போகிற ஊழியத்துக்கும் கர்த்தர் இடம் வைத்திருக்கிறார் என்று எனக்கு உறுதியாயிற்று. இரவு வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் அதைச் சொன்னேன். "அடுத்த கூட்டத்துக்கு நீ வசனம் சொல்லு, நான் பாய் விரிச்சு வைக்கேன்" என்றார். அப்படியே செய்தோம்.

ஆலயத்தின் பக்கத்தில் அவர்கள் வாழ்ந்த வீடு இருக்கிறது. 2011இல் தமிழக அரசு அதை நினைவு இல்லமாக்கியது. அதையும் பார்க்க வேண்டும்.

போக விரும்புகிறவர்கள் திசையன்விளைக்கு வந்துவிட்டால் அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ கிடைக்கும். உவரி பக்கமிருந்தும் வரலாம். ஞாயிறு ஆராதனை இல்லாத நேரத்தில் போனால் ஆலயம் பூட்டியிருக்கலாம். தெருவில் யாரிடம் கேட்டாலும் கோயில்குட்டியார் வீட்டைக் காட்டுவார்கள். ஜூலை முதல் வாரம் போனால் பிரதிஷ்டை நாளையும் சேர்த்து ஆசரிக்கலாம், காற்றுக்குத் தலையில் துணி மட்டும் கட்டிக்கொள்ளுங்கள். கல்லறையைக் கேட்கும்போது ஐயர் கல்லறை என்று மட்டும் கேட்காதீர்கள், அம்மா கல்லறை எது என்றும் கேளுங்கள்.